பதினாலரை

மேலூர் கிரஷர்க்காரர் சாக்கில் கட்டி
பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார், உடைந்த புஷ்ஷை.
கூடவே ஒரு சீட்டு: மூணு நாள்கூடத் தாங்கல.
முதலாளி செல்வின் ஞானதுரை
அதை என் மேசையில் வைத்துவிட்டு
"வெள்ளீயம் கொறஞ்சிருக்கும், அடுத்த உருக்குல கூட்டிப் போடச் சொல்லும்மா"
என்று போனோடு வெளியே போனார்.

மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருப்பது
செம்பும் வெள்ளீயமும் ஒன்றையொன்று
எந்தச் சூட்டில் எவ்வளவு பொறுக்கும் என்கிற
நிலைமை வரைபடம்.
சர்வேயர் கல் நட்ட மாதிரி கோடுகள்.
இந்த வயல் ஆல்ஃபாவுக்கு,
அந்தத் துண்டு டெல்டாவுக்கு,
இடைப்பட்டது இருவருக்கும் கூட்டுப் பட்டா.

ஆல்ஃபா அடி வாங்கும், வளையும், வாங்க வாங்க இறுகும்.
டெல்டா தேயாது, வளையவும் தெரியாது.
அங்கங்கே புள்ளியாய்க் கிடந்தால் புஷ்ஷுக்கு ஆயுள்.

துண்டை அறுத்துத் தேய்த்தேன்.
பெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு, கழுவல்.
கரண்ட் போய் வந்தது.
லென்ஸில், மஞ்சள் மரக்கிளைகளாய் ஆல்ஃபா;
சந்துக்குச் சந்து வெளிறிய நீலம்,
அடைமழைக்குப் பின் வண்டியூர்க் கண்மாய்போல
தொட்டுத் தொட்டு ஒரே நீராய் டெல்டா.
விரிசல் அதன் வழியே போயிருந்தது,
ஓரிடத்திலும் ஆல்ஃபாவை மிதிக்காமல்.

எங்கள் ரிஜிஸ்டரில் எழுதியிருப்பது பத்து சதம்.
பத்தில் ஸ்கேலை வைத்தால் இவ்வளவு நீலம் வராது.
நெம்புகோல் விதியைப் பின்னாலிருந்து ஓட்டினேன்:
டெல்டா ஆறில் ஒரு பங்கு,
இந்தக் கரை பதினொன்று, அந்தக் கரை முப்பத்திரண்டரை,
என்றால் புள்ளி நிற்க வேண்டிய இடம்
பதினாலரை.

வார்ப்பு படத்துக்கு முழுதாய்க் கட்டுப்படாது, தெரியும்.
படம் போட்டவர்களுக்கு அவசரமில்லை.
அவர்கள் கணக்கில் உலோகம் ஆற
வருஷம்கூட எடுத்துக்கொள்ளலாம்.
அது சொல்கிற எப்சிலானைக்
கப்பலூரில் நான் பார்த்ததே கிடையாது.
இங்கே வாசலில் லாரி ஹார்ன் அடிக்கும்.
அந்த அவசரத்துக்கும் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தேன்.
அப்போதும் பத்து இல்லை.

"அன்னைக்கு உலையில என்ன போட்ட?"
ஒச்சப்பன் கையுறையைக் கழற்றினான், விரல்விட்டு எண்ணினான்.
மோட்டார்க் கம்பி. பழைய வால்வு.
அப்புறம் திருமங்கலம் காயலான் கடையிலிருந்து
கீறல் விழுந்த மணி ஒண்ணு.
"நல்ல வெண்கலம் மேடம்.
தட்டிப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

மணியில் இருபதுக்கும் மேல் இருக்கும்.
ஓசைக்கு ஆகும். உதைக்கு ஆகாது.

"உன் படத்துக்கு இது முன்னாடியே தெரியுமா?"
பதினாலரை என்று சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.
மணியைப் பற்றி அதனிடம் யார் சொன்னது?

முதலாளியிடம் கூட்டக் கூடாது என்றேன்.
அறுநூற்றைம்பது டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்தால்
டெல்டா திரும்பக் கரையும், படத்தில் இருக்கிறது.
"எட்டு மணி நேர ஈ.பி. பில்லு? அதுவும் படத்துல இருக்கா?"
இல்லை.
அப்படியானால் திரும்ப உருக்கு,
நூறு கிலோவுக்கு நாற்பத்தைந்து கிலோ புதுச் செம்பு.
வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்திருந்தார்.
"செம்பு வித்துரும். கரண்ட் விக்காது"
என்று கையெழுத்துப் போட்டார்,
பேனா அடுத்த தாளிலும் பதியும்படி.

சாயங்காலம், மிச்சம் முப்பத்தெட்டு புஷ்களையும்
ஒவ்வொன்றாய் உலையடியில் வீசினான் ஒச்சப்பன்.
சிமெண்ட் தரையில் கணீர், கணீர்.
லேத்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.
ஏழெட்டு போட்டதும் அவனே நின்றான்,
கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நேற்று வார்த்த பத்து சதத்தில் ஒன்றை எடுத்து
நானும் போட்டேன்.
டொக்.

அதைத்தான் சாக்கில் கட்டி
மேலூர் பஸ்ஸில் ஏற்றினோம்.